கரி மாத்திரை எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

"விஷம் குடிச்சவங்களுக்கே ஆஸ்பத்திரியில கரிதான் குடுக்கறாங்க. அப்போ கேஸுக்கும் வயித்துப்போக்குக்கும் கேக்காதா என்ன?" வேலூரில் எந்த மெடிக்கல் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கேட்பவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் சிக்கலே.

கரி என்ற ஒரே பெயரில் மூன்று பொருட்கள் புழங்குகின்றன. அவசர சிகிச்சைப் பிரிவில் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் கருப்புத் தூள் ஒன்று. விருந்து சாப்பிட்டுவிட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் கருப்பு ஜீரண மாத்திரை இன்னொன்று. "உடம்பைச் சுத்தம் செய்யும்" என்று ஆன்லைனில் டப்பாவாக விற்கும் கேப்ஸ்யூல் மூன்றாவது. முதலாவதன் பெருமையை வைத்து மற்ற இரண்டையும் நம்புகிறோம். மருந்துக் கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் எனக்கு இது கவலை தருகிறது. கரி ஒரு நச்சு என்பதால் அல்ல. அது வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டால், கூடவே சாப்பிடும் முக்கியமான மாத்திரைகளை அது வீணாக்கிவிடும் என்பதால்.

அடுப்புக்கரியும் மருந்துக்கரியும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அடுப்பில் மிஞ்சும் கரி, கருகிய ரொட்டி, சாம்பல் இவையெல்லாம் மருந்துக்கரி ஆகாது. மருந்துக்குப் பயன்படுவது ஆக்டிவேட்டட் சார்கோல். தமிழில் செயலூட்டிய கரி என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் இனி கரி என்றால் அதுதான்.

தேங்காய்ச் சிரட்டை, மரம், நிலக்கரி என்று பலவற்றிலிருந்தும் இதைச் செய்யலாம். நம் குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கத் தோப்புகளில் காய் உரித்து உடைத்தபின் குவிந்து கிடக்குமே, அந்தச் சிரட்டை இதற்கு அருமையான மூலப்பொருள். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரத்தில் பெரிதாக நடக்கிறது. சிரட்டையைக் காற்று சரியாகப் புகாதபடி சுட்டுக் கரியாக்குவது முதல் கட்டம். அதை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நீராவியைச் செலுத்துவது இரண்டாம் கட்டம். நீராவி கரியை உள்ளுக்குள் அரித்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகளைத் திறந்துவிடுகிறது.

அந்தத் துளைகளின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு கிராம் கரிக்கே ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 25 சென்ட், அதாவது கால் ஏக்கர். ஒரு கிராமுக்குள் ஒரு தோட்டமே மடிந்து கிடக்கிறது. அடுப்புக்கரியில் இந்த அளவு பரப்பு இல்லை. போதாததற்குத் தாரும் சாம்பலும் ஒட்டியிருக்கும். அதை இடித்துச் சாப்பிடுவதில் எந்தப் பயனும் கிடையாது.

ஒட்டுப்புல்லும் வேட்டியும்

ஏரிக்கரையில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வேட்டியின் ஓரமெல்லாம் ஒட்டுப்புல் அப்பியிருக்கும். அது துணிக்குள் ஊறிப் போவதில்லை, நூலின் மேல் தொற்றிக்கொண்டு நிற்கிறது. கரி வேலை செய்வதும் இப்படித்தான். ஒரு பொருளின் மூலக்கூறுகள் கரியின் துளைச் சுவர்களில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். ஒட்டிய பொருளைச் சுமந்துகொண்டே கரி குடலைக் கடந்து மலத்தோடு வெளியேறுகிறது. கரி மட்டும் ரத்தத்தில் கலப்பதே இல்லை.

ஒட்டுப்புல்லை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் கரியைப் பற்றிய முக்கால்வாசி விஷயம் விளங்கிவிடும். வேட்டி உரசிய இடத்துப் புல்தான் ஒட்டும், பத்தடி தள்ளி இருக்கும் புல் ஓடிவந்து ஒட்டாது. அதுபோல, குடலில் எதிரே கிடைப்பதைத்தான் கரி பிடிக்கும். ரத்தத்துக்குள் போய்விட்டதை அது துரத்திப் பிடிக்காது. வேட்டியில் இடம் நிரம்பிவிட்டால் மேற்கொண்டு ஒட்டாது, கரிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. எல்லா விதையும் ஒட்டுவதில்லை, கரியிடமிருந்தும் வழுக்கிப் போகும் பொருட்கள் இருக்கின்றன. கடைசியாக ஒன்று: எந்தப் புல் நல்லது, எது கெட்டது என்று வேட்டிக்குத் தெரியாது. கரிக்கும் தெரியாது. விஷமானாலும் நீங்கள் தினமும் சாப்பிடும் வலிப்பு மாத்திரையானாலும், ஒட்டக்கூடியது என்றால் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சோதனை இருக்கிறது. மீன்தொட்டிக் கடையில் வடிகட்டிக்கான கரி கிடைக்கும். அதைத் தூளாக்கிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் நீல மை ஒரு சொட்டு விட்டு, அந்தத் தூளைத் தாராளமாகப் போட்டு நன்றாகக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துக் காபி வடிகட்டும் தாளிலோ கெட்டித் துணியிலோ வடித்துப் பாருங்கள். நீலம் பெரும்பாலும் போயிருக்கும். மை எங்கும் மறையவில்லை, கரியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரியை அரை சிட்டிகையாகக் குறைத்து மையைப் பத்துச் சொட்டாகக் கூட்டினால் நீலம் அப்படியே நிற்கும், இடம் போதாது. இது பார்ப்பதற்கு மட்டும்தான். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, அந்தக் கரி சாப்பிடுவதற்கானதும் அல்ல.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கரி ஒட்ட வைத்துப் பிடிக்கும் பொருள். தொட்டதை மட்டும், இடம் இருக்கும் வரை, நல்லது கெட்டது பார்க்காமல் பிடிக்கும். குடலுக்கு வெளியே நடப்பதோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

வாட்டர் ஃபில்டர் சொல்லும் பாடம்

வேலூரில் போர் தண்ணீரின் உப்பைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளால் பாலாற்று நிலத்தடி நீர் என்ன ஆனது என்பதும் ஊரறிந்த கதை. வீட்டு ஆர்.ஓ. மெஷினைத் திறந்தால் உள்ளே கார்பன் ஃபில்டர் என்று ஒரு குழாய் இருக்கும். அதற்குள் இருப்பது இதே கரிதான். அது குளோரின் வாடையை எடுக்கும், நிறத்தையும் நாற்றத்தையும் குறைக்கும். உப்பை மட்டும் எடுக்காது. உப்பை எடுக்கத்தான் அடுத்ததாக அந்த விலை உயர்ந்த மெம்ப்ரேன்.

கரியின் மேற்பரப்பு எண்ணெய்க்கு இணக்கமானது. தண்ணீரோடு அவ்வளவாக ஒத்துப்போகாத, சற்றுப் பெரிய கரிமச் சேர்மங்கள் அதில் நன்றாக ஒட்டும். பெரும்பாலான மருந்துகள் இந்த வகை. உப்புகளோ நீரில் கரைந்ததும் மின்னூட்டம் பெற்ற சிறு துகள்களாகப் பிரிந்து, தங்களைச் சுற்றித் தண்ணீரைப் போர்த்திக்கொள்கின்றன. அந்தப் போர்வையை விட்டுவிட்டுக் கரியிடம் வர அவற்றுக்குக் காரணமே இல்லை.

ஆஸ்பத்திரியில் கரி பலன் தராத பொருட்களின் பட்டியலைப் பார்த்தால் இந்தக் காரணம் பளிச்சென்று தெரியும். இரும்புச் சத்து மாத்திரை, லித்தியம், பொட்டாசியம் மூன்றும் உப்பு வகை, ஒட்டாது. சாராயம், மெத்தனால் போன்றவை மிகச் சிறியவை, தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடுபவை, போதுமான அளவு ஒட்டாது. "குடிக்கறதுக்கு முன்னாடி கரி போட்டா போதை ஏறாது, தலைவலி வராது" என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லாமல் போவது இதனால்தான். ஆசிட், அரிக்கும் காரம் (ஆல்கலி) போன்றவற்றையும் கரி தடுக்காது. தொண்டையும் உணவுக்குழாயும் புண்ணாகியிருக்கும்போது கரியைக் கொடுத்தால், டாக்டர் உள்ளே பார்க்க வேண்டிய இடத்தைக் கருப்பாக்கிவிடும், வாந்தியும் வரவழைக்கும்.

விஷம் சாப்பிட்டவருக்கு வீட்டில் கரி கொடுக்கலாமா?

கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அளவிலிருந்தே தொடங்குவோம். அவசர சிகிச்சைப் பிரிவில் பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு சுமார் 50 கிராம். விஷத்தைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள கரி வேண்டும் என்பது பழைய கணக்கு. கடையில் கிடைக்கும் 250 மில்லிகிராம் மாத்திரையில் 50 கிராம் சேர்க்க 200 மாத்திரை வேண்டும். ஜீரண மாத்திரைகளில் கரி 100 மில்லிகிராமைக்கூடத் தொடாமல் இருக்கும் வகைகள் உண்டு. இரண்டு மூன்று மாத்திரையைப் பொடித்து வாயில் ஊற்றுவதால் விஷம் குறையாது. குறைந்துவிட்டது என்ற நினைப்பில் புறப்படும் நேரம்தான் தள்ளிப்போகும்.

நேரம் இன்னும் முக்கியம். விஷம் வயிற்றிலிருந்து குடலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும் முன்பே கரி அதைச் சந்திக்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய விஷ மருத்துவ அமைப்புகள் 1997-ல் கூட்டாக வெளியிட்டு 2005-ல் புதுப்பித்த நிலைப்பாடு, விஷம் சாப்பிட்ட எல்லோருக்கும் வழக்கமாகக் கரி கொடுக்க வேண்டாம், ஒட்டக்கூடிய விஷமாக இருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் யோசிக்கலாம் என்கிறது. இலங்கையில் விஷம் சாப்பிட்டு மருத்துவமனைக்கு வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. கிராமத்திலிருந்து நேரம் கழித்து வந்து சேர்ந்தவர்கள் அதில் ஏராளம், நம் மலையடிவார ஊர்களின் நிலைமையும் அதுதான். எல்லோருக்கும் வழக்கமாகக் கரி கொடுத்ததால் இறப்பு குறைந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. டாக்டர்களே ஆளைப் பார்த்து, விஷத்தைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் ஒன்றை நாம் வீட்டு வாசலில் முடிவெடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. விஷம் சாப்பிட்டவருக்கு மயக்கம் வரலாம், வலிப்பு வரலாம். அந்த நிலையில் வாயில் ஊற்றும் கரி உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரல் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தைக்கும் இதே பயம்தான். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் மண்ணெண்ணெயை ஜூஸ் என்று நினைத்துக் குழந்தை வாய் வைத்துவிடுகிறது. வாந்தி எடுக்க வைத்தால் அது திரும்பி வரும் வழியில் நுரையீரலுக்குள் போகும். கரியும் கொடுக்க வேண்டாம், உப்புத் தண்ணீரும் வேண்டாம், விரல் விட்டு வாந்தி எடுக்கவும் வைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குடித்த பாட்டில், மாத்திரை அட்டை, தின்ற இலை எது கிடைத்தாலும் கையோடு எடுத்துக்கொண்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, சி.எம்.சி.க்கோ, பக்கத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள எந்த மருத்துவமனைக்கோ போங்கள். எப்போது சாப்பிட்டார் என்ற நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். தானாகவே விஷம் சாப்பிடும் எண்ணம் வீட்டில் யாருக்காவது இருப்பதாகத் தோன்றினால் மறைக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பாம்புக்கடிக்கும் தேள்கடிக்கும் கரி கேட்டு வருகிறார்கள். அந்த விஷம் தோல் வழியாக உடம்புக்குள் போனது, குடலில் இருக்கும் கரிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

உங்கள் மாத்திரையையும் அது பிடிக்கும்

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

காலையில் டிபன் முடித்து இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொள்ளும் பெரியவர், வயிறு உப்புசமாக இருக்கிறதே என்று அதே கையோடு கரி மாத்திரையையும் போட்டுக்கொள்கிறார். உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் கலக்கின்றன. இதயத்துக்கான டிகாக்சின், வலிப்புக்கான கார்பமாசெபின், பீனோபார்பிட்டோன், ஆஸ்துமாவுக்கான தியோபிலின், காய்ச்சலுக்கான பாராசிட்டமால், ஆஸ்பிரின், சர்க்கரைக்கான க்ளிபிசைடு எல்லாமே கரியில் நன்றாக ஒட்டும் வகை. இவை அளவு மீறி விஷமாகிப் போனவருக்கு இவற்றை எடுக்கத்தானே ஆஸ்பத்திரியில் கரியைப் பயன்படுத்துகிறார்கள்? ஜீரண மாத்திரையில் உள்ள சிறிய அளவால் பெரிய இழப்பு வராமல் போகலாம். ஆன்லைன் கேப்ஸ்யூலைக் கிராம் கணக்கில் தினமும் விழுங்குபவருக்கு நிலைமை வேறு. வலிப்பு மாத்திரை தவறாமல் போட்டும் வலிப்பு வந்துவிட்டது என்று குடும்பம் தவிக்கும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். கரியைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே இடைவெளி வேண்டும். பொதுவான வழிகாட்டல், கரிக்கும் மற்ற மருந்துகளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம். சில மருந்துகளுக்கு இந்த இடைவெளியும் போதாது. ஏன் என்று நம் ஊர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

பழைய வட ஆற்காடு மாவட்டம் தொழுநோய் அதிகம் இருந்த இடம். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை உலகமே அறியும். 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் டாப்சோன் என்ற மாத்திரை தினமும் உண்டு. இன்றும் உண்டு. டாப்சோன் ரத்தத்தில் கலந்த பிறகும் அதில் ஒரு பகுதி கல்லீரல் வழியாகப் பித்தநீரில் இறங்கி மறுபடி குடலுக்கு வருகிறது, அங்கிருந்து திரும்ப உறிஞ்சப்படுகிறது. இதைக் குடல் கல்லீரல் சுற்று என்று சொல்லலாம். குடலில் கரி காத்திருந்தால், சுற்றி வரும் டாப்சோனை அது ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொள்ளும். டாப்சோன் அளவு மீறிப் போனவர்களுக்குக் கரியை மீண்டும் மீண்டும் கொடுத்து மருந்தை ரத்தத்திலிருந்தே இறக்குவது இந்த வழியில்தான். உயிர் காக்கும்போது அது வரம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிக்கொண்டிருப்பவர் தினமும் கரி சாப்பிட்டால், அதே வேலை அவருக்கு எதிராக நடக்கும். கார்பமாசெபின், பீனோபார்பிட்டோன், தியோபிலின் மூன்றும் இந்த வரிசையில் வருபவை. இவர்களுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டேன் என்ற சமாதானம் போதாது. டாக்டரைக் கேட்காமல் கரியே வேண்டாம்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களும் கவனிக்க வேண்டும். அந்த ஹார்மோன்களையும் கரி பிடிக்கக்கூடும். கரி எடுக்க வேண்டி வந்தால் இடைவெளி பற்றி டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுபவருக்குக் கரி "சும்மா ஒரு கேஸ் மாத்திரை" கிடையாது. எப்போதாவது ஒரு தடவை என்றால் இரண்டு மணி நேர இடைவெளி. வலிப்பு, இதயம், தொழுநோய், ஆஸ்துமா மருந்து சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொட வேண்டாம்.

கேஸுக்குக் கேட்குமா?

ஆம்பூரில் கல்யாண விருந்து. சீரக சம்பா பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, மேலே ஒரு சோடா. ராத்திரி வயிறு கல் மாதிரி. இந்தக் காற்று இரண்டு வழியில் வருகிறது. ஒன்று நாம் விழுங்கும் காற்று, சோடாவின் வாயு. மற்றொன்று பெருங்குடலில் உள்ள பாக்டீரியா செரிக்காத மாவுச்சத்தைப் புளிக்க வைத்து உண்டாக்கும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன்.

கரி இதைப் பிடிக்குமா என்று 1980-களிலிருந்தே சிறு சிறு ஆய்வுகள் நடந்தன. சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. வாயிலிருந்து பெருங்குடல் வரை போய்ச் சேருவதற்குள் கரியின் துளைகளில் சாப்பாட்டுச் சத்துகளே நிரம்பிவிடுகின்றன என்பது நியாயமான விளக்கம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் சாப்பாட்டுக்குப் பிந்தைய அதிக வாயுவைக் குறைக்கக் கரி உதவும் என்று ஒப்புக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு ஒரு கிராம், சாப்பிட்டதும் ஒரு கிராம். நம் கருப்பு ஜீரண மாத்திரை ஒன்றில் இருப்பது இதில் மிகச் சிறு பங்கு. அதில் டயஸ்டேஸ், பப்பாயின் என்று செரிமான நொதிகளும் சேர்ந்திருக்கும். அதனால் உங்களுக்கு ஆறுதல் கிடைத்தால் அது கரியால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஒரு கிராம் வரட்டும் என்று பத்துப் பதினைந்து மாத்திரையைச் சேர்த்துப் போடும் யோசனை மட்டும் வேண்டாம்.

என் கருத்து: எப்போதாவது ஒரு நாள் விருந்துக்குப் பிறகு அட்டையில் உள்ள அளவில் போட்டுக்கொள்வதில் பெரிய தவறில்லை. வாரக்கணக்கில் தினமும் தேவைப்படுகிறது என்றால் மாத்திரையை மாற்றிப் பயனில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நெஞ்சு வலி எதுவானாலும் "கேஸ் புடிச்சிகினு இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கை, தாடை, முதுகு என்று பரவுகிற வலி, குப்பென்ற வியர்வை, மூச்சு வாங்குதல், மேல்வயிற்றில் எரிச்சலோடு மயக்கம் இவையெல்லாம் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே பெரிதாகத் தெரியாமல் சோர்வாக மட்டும் வரலாம். கடைக்கு ஆளனுப்பிக் கருப்பு மாத்திரை வாங்கிப் போட்டு, ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரும் அரை மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் கேஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வயிற்றுப்போக்குக்கு?

இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்ப்பது உடம்பிலிருந்து போகும் தண்ணீரும் உப்பும். உப்பைக் கரி பிடிப்பதுமில்லை, திருப்பித் தருவதுமில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கரி போன்ற ஒட்டும் மருந்துகளால் நடைமுறைப் பயன் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். 20.5 கிராம் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்துக் கண்ணளவில் கரைத்தால் உப்பின் அளவு தப்பிவிடும். குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லும் துத்தநாக மாத்திரையையும் சேர்த்துக் கொடுங்கள். கண் குழி விழுந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனை.

டீடாக்ஸ், கருப்பு ஐஸ்கிரீம், பல்பொடி

"உடம்பில் சேர்ந்த நச்சுகளை எடுக்கும்" என்று கேப்ஸ்யூல் டப்பாவில் எழுதியிருக்கும். எந்த நச்சு என்று எழுதியிருக்காது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன. குடலுக்குள் கரி பிடிப்பது அன்று சாப்பிட்டதில் ஒரு பகுதியை, அதில் வைட்டமினும் இருக்கலாம். கருப்பு ஐஸ்கிரீம், கருப்பு ஜூஸ் வகைகளில் கரி நிறத்துக்காகப் போடப்படுகிறது. நியூயார்க் நகரில் 2018-ல் உணவகங்களில் இதைச் சேர்ப்பதைத் தடுத்தார்கள். கரிப் பல்பொடி பல்லை வெண்மையாக்கும் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017-ல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. சொரசொரப்பான தூளை அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும் என்ற கவலையும் உண்டு.

வாங்குவதென்றால்

நம் நாட்டு மருந்துச் சட்டத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று தனியாக ஒரு வகுப்பே கிடையாது. சீட்டு கட்டாயம் என்று சொல்லும் அட்டவணை எச், எச் 1, எக்ஸ் ஆகியவற்றில் வராத மருந்துகள் நடைமுறையில் சீட்டு கேட்காமல் கிடைக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே சீட்டு கேட்கவில்லை என்பதற்காக யாருக்கும் எந்த அளவிலும் ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. டப்பாவில் மருந்து உற்பத்தி உரிமம் இருக்கிறதா, அல்லது 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அது உணவுப் பொருளாக விற்கப்படுகிறது, மருந்தாகச் சோதிக்கப்பட்டது அல்ல.

இரண்டு மாத்திரை மட்டும் கேட்டால் கடையில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். பெயர் ஒரு துண்டோடும் காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். உங்கள் கையில் வருவது வெறும் வெள்ளிக் காகிதமும் இரண்டு கருப்பு வட்டமும். அதைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் அது என்னவென்று உங்களுக்கே தெரியாது. பெயரும் தேதியும் தெரிகிற பக்கத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் முழு அட்டையாக வாங்குங்கள். "நான் இன்னின்ன மாத்திரை சாப்பிடறேன், இது கூடப் போடலாமா?" என்று கடையில் பார்மசிஸ்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

குடல் அடைப்பு இருந்தவர்கள், அண்மையில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்கள், விழுங்கச் சிரமப்படும் முதியவர்கள் கரியைத் தவிர்க்க வேண்டும். அது மலத்தை இறுக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கரி சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், நாக்கும் கருக்கும். இதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. இரைப்பையில் புண் இருந்து ரத்தம் கசிந்தாலும் மலம் கருப்பாகத்தான் வரும். தார் மாதிரி பிசுபிசுப்பாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு வந்தால், அல்லது தலைசுற்றலும் படபடப்பும் சேர்ந்தால், கரியால்தான் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கரியை நிறுத்திச் சில நாட்கள் ஆகியும் நிறம் மாறவில்லை என்றாலும் போக வேண்டும், வலி மாத்திரை அடிக்கடி சாப்பிடுபவர்கள் கட்டாயம் போக வேண்டும். எண்டோஸ்கோபிக்கு நாள் வாங்கியிருந்தால் கரி சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரைப்பைச் சுவர் முழுக்கக் கருப்புப் பூசியிருந்தால் டாக்டருக்கு உள்ளே எதுவும் சரியாகத் தெரியாது, பரிசோதனையை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட வேண்டி வரும்.